காற்றில் கலந்த சுண்ணமும் கணக்கில் வராத சாவும்

(செந்துறையில் சுறவ மாதத்தில் கூடிய தமிழ்மன்றக் கூட்டத்தில் பள்ளித் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

தமிழ்ப் புலவனை மேடையேற்றினால் அவன் கழகப் பாடலையோ குறளையோ விரித்துரைப்பான் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நான் அது செய்யேன். நம் வட்டத்துக் காற்றைப் பற்றியும், அக்காற்றுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றியும் பேசுவதற்கு அவைத்தலைவரிடம் இசைவு பெற்றுள்ளேன். ‘இலக்கணம் நடத்துகிறவனுக்கு இதில் என்ன தகுதி?’ என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எனக்குள்ள தகுதி இரண்டு. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இக்காற்றையே உயிர்த்து வருகிறேன் என்பது ஒன்று. மற்றொன்று என் தமையனார்.

என் தமையனார் ஒரு சிமிட்டி ஆலையில் மூட்டை கட்டும் பகுதியில் இருபத்தாறு ஆண்டுகள் பணி செய்தார். எந்த ஆலை என்பது இங்கு வேண்டா. மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு போவார். மாலையில் புருவமும் இமைமயிரும் நரைத்தவராக வருவார். சிறுவனாக இருந்தபோது என் மகன், “பெரியப்பா காலையில் இளையவர், மாலையில் கிழவர்” என்று சொல்லிச் சிரிப்பான். வந்ததும் கிணற்றடியில் குளிப்பார். அவர் கழற்றிப் போட்ட சட்டையை அண்ணியார் கல்லில் அடித்துத் துவைக்கும்போது சுண்ணம் கரைத்தாற்போல் வெண்ணீர் ஓடும். அவர் பீடி தொட்டவர் அல்லர். வெற்றிலையும் போடமாட்டார். ஐம்பத்தொன்பதாம் அகவையில் இருமல் தொடங்கியது. முதலில் என்புருக்கி என்று சொல்லிச் சில மாதங்கள் மருந்து கொடுத்தார்கள். இருமல் நிற்கவில்லை, உடல்தான் இளைத்தது.

பிறகு ஒரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். இளம் மருத்துவர் ஒருவர் பொறுமையாகவே உசாவினார்.

“ஐயா, பீடி, சுருட்டு ஏதும் உண்டா?”

“இல்லைங்க.”

“புகையிலை, பாக்கு?”

“அதுவும் இல்லைங்க.”

“குடும்பத்தில் யாருக்கேனும் இந்நோய் வந்திருக்கிறதா?”

“இல்லைங்க.”

மூன்று இடத்திலும் ‘இல்லை’ என்று எழுதித் தாளைத் திருப்பினார். வெளியே வந்து மரத்தடியில் அமர்ந்தபின் தமையனார் என்னைப் பார்த்து, “தம்பி, என்ன வேலை பார்த்தாய் என்று அந்தப் பிள்ளை கேட்கவே இல்லையே, கவனித்தாயா?” என்றார். ஏழு மாதங்கள் கழித்து இறந்தார்.

ஆலைத்தூசிதான் அவரைக் கொன்றது என்று நான் இம்மேடையில் சொல்லவில்லை. சொல்லவும் இயலாது. நுரையீரலில் எழுந்த ஒரு கட்டியை அறுத்துப் பார்த்தாலும் அது எந்தக் கரணியத்தால் வந்தது என்னும் முத்திரை பெரும்பாலும் அதில் இராது. புகையாத மாந்தர்க்கும் இந்நோய் வருவதுண்டு. ஆயினும் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை என்பது மட்டும் உறுதி. கேட்கப்படாத கேள்விக்கு விடை எந்த ஏட்டிலும் ஏறாது. என் பேச்சு முழுவதும் அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

முதலில் நம் மண்ணைப் பாருங்கள். ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இவ்விடம் கடலாக இருந்தது. அக்கடலில் வாழ்ந்து மடிந்த சிப்பியும் நத்தையும் அடுக்கடுக்காகப் படிந்து சுண்ணாம்புக் கல்லாயின. சாத்தனூரில் கல்லாகக் கிடக்கும் பெருமரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2009-இல் இச்செந்துறையை அடுத்தே தொல்பல்லியின் முட்டைத் திரள்களைக் கண்டதாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர் அறிவித்தபோது, நம் பிள்ளைகள் சுத்தியலோடு ஓடைகளில் அலைந்ததும் நினைவிருக்கும். அந்தச் சுண்ணாம்புக் கல்லே நம்மைத் தேடி ஆலைகள் வரக் கரணியமாயிற்று. 1939-இல் கல்லக்குடியில் ஓர் ஆலை எழுந்தது. 1979-இல் அரியலூரில் தமிழ்நாட்டரசின் ஆலை வந்தது. பிறகு தனியார் ஆலைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஆலத்தியூரும் தளவாயும் நம் செந்துறை வட்டத்துக்குள்ளேயே உள்ளன.

கல்லக்குடி என்றதும் உங்கள் முகம் மலர்கிறது. 1953 சூலையில் டால்மியாபுரம் என்னும் பெயரை நீக்கக் கோரித் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்த போராட்டம் அது. ஊருக்குத் தமிழ்ப்பெயர் மீண்டது. அதை நான் குறைத்து மதிப்பவன் அல்லேன்; அந்த வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். ஆனால் உடன்பிறப்புகளே, பெயர்ப்பலகைக்குக் காட்டிய அக்கறையில் பத்தில் ஒரு பங்கை அப்பலகையின்மேல் படிந்த தூசிக்கு நாம் காட்டினோமா? ஊரின் பெயர் நம்முடையது என்றால் ஊரின் மூச்சும் நம்முடையதுதானே?

இனித் தூசியைப் பற்றி. நம் மொழியில் புழுதி, பொடி, தூசி, துகள், மாசு எனப் பல சொற்கள் உள்ளன. இவற்றை ஒன்றாகவே வழங்கி வருகிறோம். அறிவியல் கேட்கும் வேறுபாட்டுக்கு இவை நன்கு பயன்படும். சுமையுந்து போனபின் முந்திரி இலைமேல் வெள்ளையாகப் படிகிறதே, அதைப் புழுதி எனக் கொள்ளுங்கள். அது கண்ணை உறுத்தும், பூவைக் கெடுக்கும், உழவனுக்கு இழப்புத் தரும். எனினும் அதில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளியேறிவிடும். பத்து மைக்ரானுக்கு உட்பட்டதைத் துகள் என்போம். இரண்டரை மைக்ரானுக்கு உட்பட்டதை நுண்டுகள் என்போம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்களவே உள்ள இந்நுண்டுகளைக் கண்ணால் காண இயலாது. நுரையீரலின் காற்றறை வரைக்கும் சென்று தங்குவது இதுதான். ஆகவே, ‘இப்போதெல்லாம் முன்போல் வெள்ளையாகப் படிவதில்லை, ஆலை திருந்திவிட்டது’ என்று யாரேனும் சொன்னால் அது பாதி உண்மை. மின்புலத் தூசிபிடிப்பானும் பை வடிகட்டியும் வந்தபின் புகைப்போக்கியின் புழுதி குறைந்திருக்கிறது, ஒப்புக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியாததைக் கண்ணால் அளக்க முடியாது என்பது மறுபாதி.

அந்தத் துகளில் என்ன இருக்கிறது? சுரங்கத்தில் துளையிடும்போதும் கல்லை உடைக்கும்போதும் எழும் தூளில் வேதியியலார் சிலிக்கா எனப்படும் மணற்சத்தின் படிக வடிவம் கலந்திருக்கும். சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் அரைத்து 1450 பாகை வெப்பத்தில் சூளையிலிட்டுக் கிளிங்கர் என்று தொழிலாளர் சொல்லும் கட்டியாக்குகிறார்கள். அச்சூட்டில் மூலப்பொருளிலுள்ள குரோமியத்தில் ஒரு சிறு பங்கு நச்சுவடிவம் பெறுகிறது. சிமிட்டியைத் தொட்டுத் தொட்டுக் கொத்தனார் கை வெடிக்கிறதே, அதற்குச் சுண்ணத்தின் காரமும் இக்குரோமியமும் கரணியம். இதனாலேயே 2005-இலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் சிமிட்டியில் கரையக்கூடிய அந்தக் குரோமியம் பத்து இலக்கத்தில் இரண்டு பங்குக்கு மேல் இருத்தலாகாது என்று சட்டம் செய்தார்கள். சூளையை எரிக்க நிலக்கரியும் கன்னெய்க் கரியும் வேண்டும். அதன் புகை ஒருபுறம். கல்லை ஏற்றிவரும் சுமையுந்துகளின் டீசல் புகை மறுபுறம்.

இவற்றுள் எது புற்று விளைக்கும், எது விளைக்காது என்று ஆய்ந்து அறிவிக்கும் அமைப்பு ஒன்று உண்டு. உலக நலவாழ்வு அமைப்பைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அது. பிரான்சு நாட்டு இலியோன் நகரில் இருக்கிறது. அது படிகச் சிலிக்காத் தூளை 1997-இலும், டீசல் புகையை 2012-இலும், வெளிக்காற்றின் மாசையும் அதிலுள்ள துகளையும் 2013-இலும் முதற்பிரிவில் வைத்தது. முதற்பிரிவு என்றால் மாந்தர்க்குப் புற்று விளைப்பது உறுதி என்று பொருள். குரோமியத்தின் அந்த நச்சுவடிவமும் இப்பிரிவிலேயே உள்ளது. ஆனால் சிமிட்டித் தூசி என்னும் பெயரில் எதையும் அம்முகமை அப்பட்டியலில் சேர்க்கவில்லை. சிமிட்டித் தொழிலாளரிடையே குரல்வளைப் புற்று மிகுதி என்று சில ஆய்வுகள் கண்டன, சில காணவில்லை. நம் பக்கத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்துச் சொல்லி வேண்டாததை மறைப்பது வழக்குரைஞர் வேலை. ஆசிரியன் வேலை அதுவன்று. ஆகையால் இரண்டையும் சொல்கிறேன்.

நோயின் பெயரையே பாருங்கள். கிரேக்கர் அதை நண்டு என்றனர். பற்றிய இடத்தை விடாத பிடியைக் கண்டனர். தமிழர் புற்று என்றோம். வெளியே ஒரு மேடு. உள்ளே எத்தனை அறை, எவ்வளவு காலமாக என்று தெரியாது. இரண்டாம் பெயரே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஏனெனில் துகள் உட்சென்ற நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடையே பத்து, இருபது, நாற்பது ஆண்டுகளும் கடக்கும். துகள் எவ்வாறு புற்றை எழுப்புகிறது என்பதை இலண்டன் பிரான்சிசு கிரிக்கு நிறுவனத்து ஆய்வாளர் 2023-இல் விளக்கினர். அகவை ஏற ஏற நம் நுரையீரலின் சில உயிரணுக்களில் மரபுப் பிழை தானாகவே தோன்றுகிறது. அவை உறங்கிக் கிடக்கும். நுண்டுகள் சென்று அங்கே அழற்சியை உண்டாக்கும்போது, அந்த அழற்சி உறங்கும் அணுவை எழுப்பிவிடுகிறது. புகை பிடியாதவர்க்கு நுரையீரல் புற்று வருவதன் ஒரு வழி இதனால் புலப்பட்டது. அதைப் படித்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

தமையனார் இறந்தபின் நான் ஒரு குறிப்பேடு தொடங்கினேன். ஆலைகளுக்கு அருகிலுள்ள ஊர்களில் புற்றுநோயால் இறந்தார் என்று கேள்விப்பட்டவர் பெயர்களையெல்லாம் எழுதினேன். பக்கங்கள் நிறைந்தன. ஏதோ பெரிய சான்றைக் கண்டுவிட்டதாக எண்ணி, எங்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் என்னைவிட இருபது ஆண்டு இளையவர். முழுவதும் புரட்டிப் பார்த்தார். “ஐயா, ஆலையே இல்லாத ஊர்களின் கணக்கு எங்கே?” என்றார்.

என்னால் விடை சொல்ல முடியவில்லை. அங்கெல்லாம் நான் போகவே இல்லை. எங்குத் தேடினேனோ அங்குக் கிடைத்தது. தேடாத இடத்தில் இல்லை என்று எண்ணிக்கொண்டேன். முப்பதாண்டு ஆசிரியப் பணியில் இப்படி நாணிய நாள் வேறில்லை. அவர் எனக்குக் கற்பித்த கணக்கை உங்களுக்குச் சொல்கிறேன். பொறுமையோடு கேளுங்கள், இது தெரியாமல் பேசினால் ஆலைத் தரப்பார் ஒரே கேள்வியில் நம்மை அமர்த்திவிடுவர்.

2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் புதிதாகப் புற்றுநோய் கண்டோர் ஏறத்தாழ 14 இலக்கம் பேர் என்பது பன்னாட்டு மதிப்பீடு. நூறாயிரம் பேருக்கு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய நூற்றுவர். அப்படியானால் இரண்டாயிரம் பேர் வாழும் சிற்றூரில் ஆண்டுக்கு இருவர். இது ஆலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரக்கூடிய எண்ணிக்கை. ஓராண்டில் ஒருவரும் இரார். அடுத்த ஆண்டில் ஐவர் இருப்பர். அது வெறும் தற்செயலாகவே இருக்கலாம். ஆகவே ஓர் ஊரின் ஓராண்டுக் கணக்கால் எதையும் நிறுவ முடியாது. பல ஊர்களைச் சேர்த்துப் பத்தாண்டுக் கணக்காவது எடுக்க வேண்டும்.

அகவையும் பார்க்க வேண்டும். நம் ஊர்களில் இளைஞர் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட்டனர். வீட்டில் இருப்பவர் முதியவர். முதியவர் மிகுந்த ஊரில் புற்றும் மிகும். அதைச் சரிக்கட்டாமல் ஒப்பிட்டால் ஆலைமேல் வீண்பழி சுமத்தியவராவோம். எந்தப் புற்று என்பதையும் பிரித்தறிய வேண்டும். பெண்களின் கருப்பைவாய்ப் புற்றுக்கு நச்சுயிரி ஒன்று கரணியம். வாய்ப்புற்றுக்குப் புகையிலையும் பாக்கும். இவற்றையெல்லாம் ஆலைக் கணக்கில் சேர்த்தல் பிழை. நுரையீரல் புற்றே முதலில் நாம் எண்ண வேண்டியது. முகமை ஐயத்தோடு சுட்டும் சிறுநீர்ப்பைப் புற்றையும் தனியே எண்ணலாம். அதிலும் புகைத்தவர், புகையாதவர், விறகடுப்பில் சமைத்தவர் என்று பிரிக்க வேண்டும்.

‘இவ்வளவு கடினமானால் யார் செய்வது?’ என்பீர்கள். செய்திருக்கிறார்கள். 1775-இல் இலண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட்டு என்பார், புகைப்போக்கி துடைக்கும் ஏழைச் சிறுவர்க்குப் பிற்காலத்தில் விதைப்பையில் வரும் புற்றுக்குக் கரியே கரணியம் என்று எழுதினார். அவரிடம் கருவி ஏதும் இல்லை. ‘நீ என்ன வேலை செய்தாய்?’ என்ற கேள்வி மட்டும் இருந்தது. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அங்கே கேட்டதை இன்று என் தமையனாரிடம் கேட்கவில்லை.

இத்தாலியில் காசேல் மொன்பெராத்தோ என்னும் நகரில் 1907 முதல் 1986 வரை கல்நார்ச் சிமிட்டி ஆலை ஒன்று இயங்கியது. கல்நாரால் நுரையீரல் உறையில் வரும் புற்று மிக அரியது. வேறு கரணியத்தால் வருவது மிகக் குறைவு. அது அந்நகரில் தொழிலாளர்க்கு மட்டும் வரவில்லை. ஆலைக்குள் காலெடுத்து வையாத கடைக்காரர்க்கும் ஆசிரியர்க்கும் வந்தது. கணவரின் சட்டையைத் துவைத்த மனைவியர்க்கும் வந்தது. அங்கே ஊர்ப்பதிவேடு இருந்தது. ஆய்வாளர் வீடுவீடாகக் குடியிருந்த ஆண்டையும் ஆலைக்குள்ள தொலைவையும் கேட்டு எழுதினர். ஆலைக்கு அருகே வாழ்ந்தவர்க்கே இடர் மிகுதி என்பது வெளிப்பட்டது. 1992-இல் இத்தாலி கல்நாரைத் தடைசெய்தது. சப்பானில் ஆமாகாசாக்கி நகரத்து ஆலையைச் சுற்றியிருந்தோர்க்கும் இவ்வாறே என்பது 2005-இல் தெரியவந்தது. நம் ஆலைகள் செய்வது கல்நார்ச் சிமிட்டி அன்று, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கிணற்றடியில் ஓடிய அந்த வெண்ணீரை நினைக்கும்போது நானே சிலபோது குழப்பிக்கொள்கிறேன்.

நம்மதையொத்த ஆலைகளைச் சுற்றி எண்ணிய நாடு எசுப்பானியம். சிமிட்டி, சுண்ணாம்பு ஆலைகளுக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் உள்ள ஊர்களின் பத்தாண்டுச் சாவுகளை மற்ற ஊர்களோடு ஒப்பிட்டு 2015-இல் வெளியிட்டனர். புற்றுச் சாவு நூற்றுக்குச் சிலர் என்னும் அளவில் மிகுந்திருந்தது. ‘சிலர்தானா?’ என்று ஏமாற்றம் அடைகிறீர்கள் போலும். ஆலைக் காற்றால் வரும் மிகுதி பெரும்பாலும் இப்படிச் சிறிதாகத்தான் இருக்கும். சிறிதாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாததால்தான் எண்ண வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் கடலூர்ச் சிப்காட்டைச் சொல்வார்கள். நாகபுரியிலுள்ள நடுவணரசின் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் அங்குள்ள காற்றை ஆய்ந்து, அப்பகுதி மக்கள் வாழ்நாளில் புற்றுநோய் கொள்ளும் இடர் 2000 மடங்கு என்று கூறியதாக 2008-ஐ ஒட்டிச் செய்திகள் வந்தன. அந்த எண் மேடைதோறும் முழங்கியது. ஆனால் இத்தகைய எண், நோயாளிகளை எண்ணிப் பெறுவது அன்று. காற்றிலுள்ள நச்சாவியை அளந்து, வாழ்நாள் முழுதும் அதை உயிர்த்தால் இத்தனை பேருக்கு நோய் வரும் எனக் கணித்து, பத்து இலக்கத்தில் ஒருவர் என்னும் ஏற்கத்தக்க அளவோடு ஒப்பிடுவது. அந்த அளவின் 2000 மடங்கு என்பது ஆயிரம் பேருக்கு இருவர். அதுவும் கொடியதே. ஆயினும் ‘எல்லார்க்கும் புற்று வரும்’ என்று முழங்கியவர்கள் மக்களை அச்சுறுத்தினார்களேயன்றி, வீடுவீடாகச் சென்று எண்ணும்படி அரசை வற்புறுத்தவில்லை.

தமிழ்நாட்டில் எண்ணுவோர் இல்லாமல் இல்லை. முத்துலட்சுமி அம்மையார் முயற்சியால் 1954-இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, சென்னைக்கு நாற்பதாண்டுகளுக்கு மேலாகப் பதிவேடு வைத்திருக்கிறது. 2012 முதல் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களுக்கும் பதிவு உண்டு. பாராட்டத்தக்க பணி. ஆனால் அது மாவட்டக் கணக்கு. ஆலையின் நிழலில் உள்ள ஊரும் கொள்ளிடக் கரையில் உள்ள ஊரும் அரியலூர் மாவட்டம் என்ற ஒரே வரியில் அடங்கிவிடும். புகைப்போக்கியிலிருந்து எத்தனை கல் தொலைவு என்பதோ, கோடைக்காற்று எப்பக்கம் அடிக்கும் என்பதோ அதில் இராது. தென்றல், வாடை, கோடை, கொண்டல் என்று நான்கு திசைக் காற்றுக்கும் பெயர் வைத்த இனம் நாம். மேல்காற்று வீசும் மாதங்களில் ஆலைக்குக் கீழ்ப்பால் உள்ள தெருவுக்கு என்ன வரும் என்பதை நம் கிழவியரிடம் கேட்டால் சொல்வார்கள்.

காற்றின் அளவைப் பற்றியும் ஒரு சொல். 2009-இல் இந்திய அரசு வகுத்த அளவுப்படி நுண்டுகள் ஆண்டுச் சராசரியாகப் பருமீட்டருக்கு 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். உலக நலவாழ்வு அமைப்பு 2021-இல் சொன்ன அளவு 5. ‘எங்கள் ஆலை அளவுக்குட்பட்டே இயங்குகிறது’ என்று அறிவிப்பார்கள். எந்த அளவு என்று கேளுங்கள்.

இனி நம் மன்றத்துக்கு நேரே தொடர்புள்ள செய்திக்கு வருகிறேன். புதிய சுரங்கம் தோண்டவும் ஆலையைப் பெருக்கவும் வேண்டுமானால் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சூழல் தாக்க அறிக்கை எழுதி, முப்பது நாள் முன்னறிவித்து, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். அறிக்கை பல நூறு பக்கம்; ஆங்கிலத்தில் இருக்கும். சுருக்கம் மட்டும் தமிழில் வேண்டும் என்கிறது விதி. அப்படி ஒரு சுருக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஒரு கூட்டத்தில் அமர்ந்திருந்தேன். தமிழாசிரியனாகிய எனக்கே விளங்காத தமிழ் அது. காற்று அளவை ‘சுற்றுப்புற வளி தரநிலை எய்துகை’ என்று எழுதியிருந்தார்கள். பக்கத்தில் இருந்த உழவர் ஒருவர், “ஐயா, இதில் என் தெருப் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். இருந்திருந்தாலும் அந்நடையில் கண்டுபிடித்திருக்க முடியாது.

2020-இல் அந்த அறிவிக்கையையே மாற்றப் புதிய வரைவு வந்தபோது அது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருந்தது. தில்லி உயர் வழக்குமன்றம் அவ்வாண்டு சூன் 30-ஆம் நாள், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் பெயர்க்குமாறு ஆணையிட்டது. வழக்குத் தொடுத்தவர் தமிழர் அல்லர். மொழிக்காக உயிரையும் கொடுப்போம் என்று சொல்லும் நாம், உயிருக்காக மொழியைக் கேட்கத் தவறினோம். தமிழில் பெயர் வைக்கச் சொல்லிக் கடைக்காரரை நெருக்குவதைப் போலவே, ஆலையின் காற்றளவையும் சுரங்கத்தின் வெடிநேரத்தையும் ஊராட்சி அலுவலகப் பலகையில் எளிய தமிழில் நாள்தோறும் எழுதச் சொல்லி நெருக்குவோம். மாசு மிக்க 17 வகைத் தொழில்களுள் சிமிட்டியும் ஒன்றாதலால் புகைப்போக்கியில் இடையறாது அளக்கும் கருவி கட்டாயம். கருவி அளக்கிறது, எண் எங்கோ கணிப்பொறிக்குப் போகிறது. அதை ஊருக்குச் சொல்ல ஒரு சுண்ணக்கட்டி போதும்.

மனந்தளர வேண்டா. சீனத்தின் யுன்னான் மாநிலத்தில் சுவான்வெய் என்றொரு நாட்டுப்புறம் உண்டு. அங்குப் பெண்கள் புகைப்பதில்லை. எனினும் நுரையீரல் புற்றால் மடிந்தனர். புகைப்போக்கி இல்லாத அடுப்பில் புகை மிகுந்த நிலக்கரியை எரித்ததே கரணியம் என்று கண்டனர். 1976-ஐ ஒட்டி அடுப்புகளுக்குப் புகைப்போக்கி வைக்கத் தொடங்கினர். பல ஆண்டுகள் தொடர்ந்து எண்ணி 2002-இல் வெளியிட்டபோது, அவ்வீடுகளில் நுரையீரல் புற்று ஏறத்தாழப் பாதியளவு குறைந்திருந்தது. ஆலைக்கும் அடுப்புக்கும் வேறுபாடு உண்டுதான். எண்ணியதால் கரணியம் தெரிந்தது. திருத்தியபின் மறுபடி எண்ணியதால் பயன் தெரிந்தது.

என் வேண்டுகோள் இதுவே. மாவட்ட ஆட்சியருக்கு இம்மன்றத்தின் பெயரால் ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். ஆலைகளிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் உள்ள ஊர்களையும், முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஆலையற்ற ஊர்களையும் எடுத்துப் பத்தாண்டுப் புற்றுநோய்க் கணக்கை அகவை, தொழில், குடியிருந்த ஆண்டு, புகைப்பழக்கம் ஆகியவற்றோடு எடுக்க வேண்டும் என்பது ஒன்று. அரசு மருத்துவமனைகளின் நோயாளித் தாளில் ‘என்ன வேலை, எத்தனை ஆண்டு’ என்று கேட்டு எழுத ஓர் இடம் விட வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதற்குப் பெருஞ்செலவில்லை; அச்சகத்தில் ஒரு வரி.

அதுவரை நாமும் கை கட்டியிருக்க வேண்டியதில்லை. அறிவியல் ஆசிரியர் திருத்திக் கொடுத்தபடி புதிய குறிப்பேடு ஒன்று தொடங்கியிருக்கிறேன். வலப்பக்கம் ஆலையூர், இடப்பக்கம் ஆலையற்ற ஊர். என் மாணவர் ஒன்பதின்மர் ஞாயிறுதோறும் இடப்பக்கத்து ஊர்களுக்கு மிதிவண்டியில் சென்று வருகின்றனர். வலப்பக்கத்தைவிட அதுதான் கடினமான வேலை. ‘நோய் இல்லாத இடத்தில் என்ன கேட்க வந்தாய்?’ என்று சிலர் விரட்டுகிறார்கள். நோயாளியின் பெயரை வெளியிடமாட்டோம். வீட்டார் ஒப்பினாலன்றி எழுதமாட்டோம். முடிவு எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. இரு பக்கமும் ஒத்து வந்தால் அதையும் இதே மேடையில் வந்து சொல்வேன்.

அக்குறிப்பேடு அதோ அவைத்தலைவரின் மேசைமேல் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் தளவாய், ஆலத்தியூர்ப் பக்கத்து அன்பர்கள் சற்று இருந்து எழுதிவிட்டுச் செல்லுங்கள். குழுமூர், பொன்பரப்பிப் பக்கத்தவரும் இருங்கள். என் தமையனார் பெயர் பதினோராம் பக்கத்தில், ‘வேலை’ என்ற கட்டத்தோடு இருக்கிறது.